செங்கோட்டை ஜெராக்ஸ் கடை லேப்டாப்: திருப்புளி வேலை கொஞ்சம், எழுத்து வேலை மிச்சம்

2013-ல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. செங்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியுடையது. காலையில் பட்டனைத் தட்டிவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூப் போட்டு, எதிர்க்கடை டீயையும் குடித்து முடித்தால்தான் கர்சர் அசையும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேறு கேட்கும். குறுக்கு வழிகள் உண்டு. பிழைப்பு நடக்கிற மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனசில்லை.

“புதுசு எடுத்திருவோமா தம்பி?”

“எடுங்க அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா சுத்தாத சிப் டிஸ்க், அதான் எஸ்எஸ்டி, அது ஒண்ணும் கொஞ்சம் ரேமும் போட்டுப் பாப்போம். ஒத்துவரலன்னா எஸ்எஸ்டியைக் கழட்டி ஒரு கேஸ்ல போட்டு பென் டிரைவ் மாதிரி வச்சுக்கிடலாம்.”

கடைக்கு என்ன வேலை வருகிறது என்று சொன்னால்தான் பின்னால் வரும் கூத்து புரியும். வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, தேர்வு விண்ணப்பம், பத்திர நகல், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் எந்த ஊரிலும் உள்ளவைதான். ஆனால் செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி. இன்றும் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அந்தப் பக்கத்து ஆட்கள் சாமான் வாங்க வந்த கையோடு மலையாளத்தில் ஒரு மனுவும் அடித்து வாங்கிப் போவார்கள். திருவிதாங்கூர்க் காலத்து மூலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற நம்மூர்க்காரர்களும் உண்டு. அதில் ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். 1112 என்றிருந்தால் 1936-37. சிங்க மாதத்தில் ஆண்டு பிறப்பதால், மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். இதற்கென்று ஒரு சின்ன கால்க் ஷீட் (எக்செல் மாதிரிக் கணக்குத் தாள்) போட்டுக் கொடுத்தேன். இந்த வேலை முழுவதிலும் அண்ணாச்சி வாய்விட்டுப் பாராட்டியது அதை மட்டும்தான்.

முதலில் டிஸ்க். எதையும் கழற்றுவதற்கு முன்னால், வென்டாய் என்ற கருவி போட்ட பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) நிறுவாமல் அப்படியே ஓடவிட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். வென்டாயில் பிடித்த விஷயம், பென் டிரைவை ஒருமுறை தயார் செய்துவிட்டால் போதும். பிறகு இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி பண்ணிப் போட்டுக்கொண்டே போகலாம். ஸ்மார்ட் பட்டியலில் நிறைய எண்கள் இருக்கும். நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டை: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். இதில் இரண்டாவது பூஜ்யமாக இல்லை. கடையின் மந்தத்துக்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்தது. ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும்போது மொத்த கம்ப்யூட்டரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

இப்படிப்பட்ட டிஸ்க்கில் போல்டரைத் திறந்து காப்பி-பேஸ்ட் செய்யக் கூடாது. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டினேன். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்கக் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடும். பிறகு அந்த இடங்களை மட்டும் சுரண்டும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்; எங்கள் ஊருக்கு இது ஆடம்பரம் அல்ல, அவசியம். மொத்த டிஸ்க்கும் ஒரே கோப்பாக வெளி டிஸ்க்குக்குப் போகிறது என்பதால் வெளி டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய வடிவமைப்பில் இருந்தால் ஆகாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தேன். போனது சொற்பம், அதுவும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருந்த பகுதி.

திருப்புளி வேலை பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ஹார்டு டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்; கூட வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் ஆட்டம் இல்லாமல் உட்காரும். காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3எல் ரேம். பழைய ரேமின் தங்கக் கால்களில் கறுப்புப் படிந்திருந்ததை பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். ஃபேன் பக்கம் திறந்தபோது பல்லி முட்டை ஓடு ஒன்று இருந்தது. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளித் துண்டாகவே படிந்து கிடந்தது. குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் இங்கே காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் காகிதத் தூளுக்கும் குறைவில்லை. இரண்டும் சேர்ந்தால் ஊதினால் போகாது. இடுக்கியால்தான் உரித்தெடுக்க வேண்டும். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பிராசசரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிது வைத்தேன்.

இதைவிட முக்கியமான சாமான் ஒன்று, விலையில் மிகக் குறைந்தது: மதர்போர்டில் கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. “அடிக்கடி கவர்மென்ட் சைட் திறக்க மாட்டேங்குது, நெட் சரியில்ல” என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார். நெட் சரியாகத்தான் இருந்தது. 3 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி இறங்கிப்போய், ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றது. பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ் “இன்ன தேதியிலிருந்து செல்லும்” என்று இருக்கும். லேப்டாப் அந்தத் தேதிக்கும் முன்னால் வாழ்ந்துகொண்டிருந்தால் பிரவுசர் கதவைச் சாத்தத்தான் செய்யும். லேப்டாப்பில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் ஒயரோடு மேலுறை போட்டு வரும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய பேட்டரியை மாற்றவில்லை. புதிதில் 47 வாட் மணி தாங்கியது, இப்போது கால்வாசிகூட இல்லை. ஆனால் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் லேப்டாப் பேட்டரி தாக்குப்பிடித்தால் போதும். உப்பாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விட்டேன்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக நிறுவியது லினக்ஸ் மின்ட் 22, அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். சரசரவென்று திறக்கிறது. எஸ்எஸ்டி நொடிக்கு எத்தனை எம்பி என்று பெட்டிமேல் போட்டிருப்பதில் பெரிய விஷயமில்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகும். கம்ப்யூட்டர் திறக்கும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைத் தேடி டிஸ்க்கைப் படிக்கும் முள் அங்குமிங்கும் ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ரேம் அடுத்ததுதான்.

பிரிண்டர் கொஞ்சம் விளையாட்டுக் காட்டியது. பழைய லேசர் பிரிண்டர். அதன் இயக்க நிரல் அதற்குள் நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்பி வைக்க வேண்டும். விண்டோஸில் டிரைவரே சத்தமில்லாமல் செய்துவிடும். லினக்ஸில் தனியாக ஒரு பிளக்-இன் (துணை நிரல்) நிறுவிய பிறகுதான் காகிதத்தை இழுத்தது.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற கட்டத்தில்தான் கடையில் டைப் அடிக்கும் அக்கா வந்து உட்கார்ந்தார். தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். அவர் விரல் ஓடுவதைப் பார்த்தால் கீபோர்டு பாவமாக இருக்கும். நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் போட்டு வைத்திருந்தேன். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு நிலைபெற்ற பலகை. உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம், புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அக்காவுக்கு இது தேவையில்லாத தண்டனை.

“கொம்பு முதல்ல அடிச்சாத்தானப்பா எனக்குக் கை வரும். நீ என்ன, மொதல்ல க-வை அடின்னுக?”

தட்டச்சு மெஷினில் ‘கெ’ என்றால் ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு க. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் அதே வரிசை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் க முதலில் சேமிக்கப்படும், கொம்பு பின்னால். திரையில் மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கும். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களை நிறுவினால் தமிழுக்கே பல பலகைகள் வரும். அதில் இலங்கையில் புழங்கும் ரங்கநாதன் பலகை பாமினிக்காரர்களின் விரலுக்கு ஒத்துப்போகிறது. அக்கா கொம்பை முதலில் அடிக்கிறார், உள்ளே யூனிகோடாகச் சரியான வரிசையில் விழுகிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கென்று இருந்த பலகை செங்கோட்டையில் வந்து கைகொடுத்தது. இந்தக் கருவிதான் சிறந்தது, இதற்கு மாறு என்று பத்து வருடம் வேகமாக அடித்துப் பழகியவரிடம் சொல்வது எனக்குப் பிடிக்காத புத்திமதி. கருவிதான் இறங்கி வர வேண்டும். மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் பலகை ஒன்று, எப்போதாவது அடிக்கும் அண்ணாச்சிக்கு ஒலிப்பு முறையில் ‘மொழி’ பலகை ஒன்று.

இப்போது பழைய கோப்புகள். பாமினியில் அடித்தவை, வானவில் என்ற இன்னொரு பழைய முறையில் அடித்தவை, யூனிகோடில் அடித்தவை என்று கலந்து கிடந்தன. பாமினி மாதிரி எழுத்துருக்களில் உள்ளே இருப்பது தமிழே அல்ல. ‘தமிழ்’ என்ற சொல் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி மாட்டிவிடுகிறது. எழுத்துருவை லினக்ஸில் போட்டால் பார்க்கலாம், அச்செடுக்கலாம். தேட முடியாது. வாட்ஸ்ஆப்பில் ஒட்ட முடியாது. கடைக்குப் பழைய கோப்பு தேவைப்படுவதே தேடத்தான்: “மூணு வருசம் முன்னால எங்க அப்பா பேர்ல ஒரு ஒப்பந்தம் அடிச்சமே.”

2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அறிவிப்பு வேறு, கடை மேசையில் இருக்கும் கோப்பு வேறு.

பழைய எழுத்துருவை யூனிகோடாக்க இணையத்தில் கிடைக்கும் மாற்றி ஒன்றில் ஒரு ஒப்பந்தத்தை ஒட்டிப் பார்த்தேன். ‘வெள்ளைச்சாமி’ என்பது ‘வௌ்ளைச்சாமி’ ஆனது. ‘வெளியில்’ என்பது ‘வௌியில்’. காரணம் இதுதான். பழைய எழுத்துருவில் ‘வௌ’ அடிக்கக் கொம்பு, வ, ள என்று அடிப்பார்கள். கொம்பும் வ-வும் ள-வும் வரிசையாக வந்தாலே மாற்றி அதை ஔகாரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ள-வுக்குப் பிறகு புள்ளியோ இகரக் கொக்கியோ வருகிறதா என்று பார்ப்பதில்லை. திருத்தம் சுலபம்: ஔகாரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரமாக இருக்க முடியாது, பிரித்து ‘ெ’, ‘ள’ ஆக்கு. ‘கௌரி’, ‘சௌந்தர்’, ‘வௌவால்’ எல்லாம் தப்பித்துக்கொள்ளும். ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய விதி. இது இல்லாததால் வலையில் எத்தனை ‘வௌ்ளி’க்கிழமைகள் உலவுகின்றன என்று தேடிப் பாருங்கள்.

அடுத்த தொல்லை, ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும். மொத்தத்தையும் அள்ளி மாற்றியில் போட்டால் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர், பான் எண் எல்லாம் சேர்ந்து தமிழாகிக் கந்தலாகும். ஆகவே எழுத்துருவைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய டாக் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் (எம்எஸ் ஆபீஸ் மாதிரி இலவச மென்பொருள்) கொண்டு மொத்தமாக டாக்எக்ஸ் ஆக்கினேன். டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் எந்த எழுத்துரு என்று எழுதியிருக்கும். பைத்தான் நிரல்மொழியில் அந்தத் துண்டுகளைப் படித்து, பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்றச் சொன்னேன். எழுத்து அட்டவணைகள் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் தயாராக இருக்கின்றன, நாமே உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை.

ஓட்டினால் சில இடங்களில் கொம்பு தனியாக அந்தரத்தில் நின்றது. நடுவில் ஒருமுறை திருத்திச் சேமித்த இடங்களில் வேர்டு ஒரே சொல்லை இரண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. கொம்பு ஒரு துண்டின் கடைசியில், அதற்குரிய எழுத்து அடுத்த துண்டின் தொடக்கத்தில். அடுத்தடுத்த துண்டுகளின் எழுத்துரு ஒன்றாக இருந்தால் முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்று என்று சொன்னதும் சரியானது. தமிழ் மாற்றி எழுதப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலையாளக் கோப்புகள் யூனிகோடில்தான் இருந்தன, அதனால் பிரச்சினை இருக்காது என்றே அண்ணாச்சியும் நினைத்தார். ஆனால் ‘ராஜன்’ என்று தேடினால் பாதிக் கோப்புகள்தான் வந்தன. மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ன், ர், ல், ள், ண் போன்றவற்றுக்குச் சில்லு என்று தனி வடிவம் உண்டு. 2008-ல் யூனிகோடு 5.1 வரும் வரை அவற்றுக்குத் தனி எண் கிடையாது; மெய், அதன் மேல் சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), அதன் பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி என்று மூன்றாகச் சேர்த்து வைத்தார்கள். இரண்டு முறையும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் பார்த்தால் அச்சு அசல் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. பழைய முறையைப் புதிதாக மாற்றும் சின்ன நிரல் போதுமானதாக இருந்தது. அச்சுக்குச் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் மஞ்சரி, ரச்சனா என்ற எழுத்துருக்கள். மனுக்களுக்கு மஞ்சரி, பழைய பத்திர நகலுக்குப் பழைய லிபிக் கூட்டெழுத்துகளை வைத்திருக்கும் ரச்சனா. ரச்சனாவில் அச்செடுத்த தாளைப் பார்த்த தென்மலைக்காரர் ஒருவர், “இது பண்டத்தெ புஸ்தகம் போலெ உண்டல்லோ” (பழைய காலத்துப் புத்தகம் மாதிரி இருக்கே) என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

முத்திரைத்தாளில் ஒரு வேடிக்கை. மேலே முத்திரை இருக்கும், அதற்குக் கீழேதான் எழுத்து தொடங்க வேண்டும். பழைய கோப்புகளில் என்ட்டரைத் தட்டித் தட்டியே எழுத்தைக் கீழே தள்ளியிருந்தார்கள். எழுத்துரு மாறியதும் வரி உயரம் மாறி, முதல் வரி போய் முத்திரையின் மேல் ஏறியது. லிப்ரே ஆபீஸில் முதல் பக்கத்துக்கென்று தனிப் பக்க பாணி இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து அதன் மேல் விளிம்பில் போட்டுவிட்டால், எந்த எழுத்துரு வந்தாலும் எழுத்து அங்கேதான் தொடங்கும். ஆங்கில எழுத்துகளுக்குக் காலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் கார்லிட்டோ. அகலம் ஒன்றேதான் என்பதால் பக்கம் குலையாது.

போன் பக்கம் சுருக்கமாக. வாடிக்கையாளர் அனுப்பும் படங்களும் பிடிஎஃப்-களும் வாட்ஸ்ஆப் வெப் வழியாகத்தான் வருகின்றன, அதை மாற்ற முடியாது. கடைக்குள்ளேயே போனிலிருந்து லேப்டாப்புக்கு அனுப்ப லோக்கல்சென்ட் என்ற செயலியை வைத்தேன். ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையம் வேண்டாம். அண்ணாச்சி இதற்கு உடனே பழகிவிட்டார். இறங்கும் கோப்புகள் எல்லாம் ‘வந்தவை’ என்ற ஒரே போல்டருக்குப் போகும், ஒரு நாள் பழையதானால் தானே அழிந்துவிடும். ஊரார் ஆதார் நகல்கள் வருடக்கணக்காக டவுன்லோட்ஸில் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு இதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது, அதையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். போனில் பேசி டைப் அடிக்கும் வசதியை அக்கா சோதித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். கடிதத்துக்குப் பரவாயில்லை, சர்வே எண்ணும் உட்பிரிவும் வருகிற இடத்தில் திருத்துகிற நேரத்துக்கு அடித்தே முடித்துவிடலாம் என்பது அவர் தீர்ப்பு. நானும் அதே கட்சி.

பாக்கி இருப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கல்யாணப் பத்திரிகைகளும் கொடை நோட்டீஸ்களும். லிப்ரே ஆபீஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி இருக்கிறது. எழுத்து வருகிறது, ஆனால் பாமினியில் வருகிறது, மேலும் பெட்டிகள் இடம் மாறி உட்காருகின்றன. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் அதிகம் கேட்கப்படும் நாலைந்து டிசைனை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் புதிதாகச் செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பழைய டிஸ்க்கின் முழுப் பிரதி வெளி டிஸ்க்கில் அப்படியே இருக்கட்டும் என்று ஒரு ஸ்டிக்கரில் ‘அழிக்காதே’ என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். தமிழிலும் மலையாளத்திலும்.